நாற்பத்தொரு நிமிட வால்

"அம்மா, எல்லாரும் போனதுக்கப்புறம் அந்த ரூம்ல லைட்டை யாரு அணைப்பாங்க?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, திரையில் இருபது சதுரங்களுக்குள் இருந்த இருபது முகங்கள் கையசைத்து ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இணையத்தில் கூடுகிற இடம், அங்கே சுவரும் கிடையாது, விளக்கும் கிடையாது என்று விளக்க அன்றைக்கு அம்மாவுக்குத் தெம்பில்லை. "வரிக்கார மாமா அணைச்சிடுவாரு" என்று சொல்லிவைத்தாள். அது முழுப் பொய்யும் இல்லை. கூட்டத்தின் பேச்சை வரிவரியாக எழுதித் தருகிறவர் அவர்; அங்கிருந்து கடைசியாகப் போகிறவரும் எப்போதும் அவர்தான்.

இப்போது மகளுக்குப் பன்னிரண்டு. வரிக்காரர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கேள்வி அம்மாவுக்கு ஏன் நினைவுக்கு வந்தது என்றால், நூலகர் அக்கா அனுப்பிய ஒற்றை வரிச் செய்தியால்தான்.

"கத்தரி, கூட்டம் முடிஞ்சப்புறம் தண்ணி கேட்டது யாரு?"

பகலில் அவளுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மாலையில் சம்பளமில்லாத இன்னொரு வேலை. சிறிய நூலகங்களுக்கான ஒரு கட்டற்ற மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் குழு ஒன்று இருந்தது. அந்தக் குழுவின் அதிகாரபூர்வ வீடியோ சேனலை அவள்தான் பார்த்துக்கொண்டாள். வியாழக்கிழமைதோறும் ஏழு மணிக்குக் கூட்டம். முதல் ஆள் நுழைந்ததும் சர்வர் தானாகப் பதிவைத் தொடங்கும். கடைசி ஆள் வெளியேறியதும் நிறுத்தும். தொடக்கத்தில் வருகிற "கேக்குதா, கேக்குதா"க்களுக்கு அவர்கள் வைத்த பெயர் தலை. ஒருங்கிணைப்பாளர் "நன்றி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொன்னதற்குப் பின்னால் வருவதெல்லாம் வால். தலையையும் வாலையும் வெட்டி, நடுவில் இருக்கும் மௌனங்களைச் சுருக்கி, தலைப்புக் கொடுத்து சேனலில் ஏற்றுவது அவள் பொறுப்பு. அதனால்தான் குழுவில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். வெட்டுவதற்கு ஒரு சிறிய நிரலை எழுதி வைத்திருந்தாள். பொத்தானை அழுத்தினால் போதும். வாலை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. மூடிய கடைக்குள் எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது?

குழுவில் இருந்த நூலகர் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவருக்காகத்தான் வீடியோவில் பேச்சை வரிவரியாக எழுதிக் காட்டும் வழக்கமே வந்தது. ஐந்து வருடம் அதைக் கையால் தட்டித் தட்டி எழுதியவர் வரிக்காரர். அவர் போன பிறகு பதினோரு மாதம் வரிகளே இல்லை. அக்கா மூன்று தடவை மென்மையாகக் கேட்ட பிறகு, போன மாதம்தான் அவள் அந்த வேலைக்கு ஓர் இயந்திரத்தைப் பொருத்தினாள்.

அவள் வீடியோவைத் திறந்தாள். ஓடும் நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம். பக்கத்தில் இருந்த வரிப்பட்டியல் ஐம்பத்திரண்டில் நிற்கவில்லை. தவறு எங்கே என்று உடனே பிடிபட்டது. வீடியோவை வெட்டிய நிரல், வரிக்கோப்பை வெட்டவில்லை. இயந்திரம் வெட்டாத பதிவை முழுக்கக் கேட்டு எழுதியிருந்தது. வீடியோ முடிந்த இடத்துக்குக் கீழே, ஆளில்லாத தெருவில் கிடக்கும் செருப்புகள் போல, தள்ளித்தள்ளிச் சில வரிகள்.

ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில்: யாராவது இருக்கீங்களா.

அறுபத்தைந்தாவது நிமிடத்தில்: தண்ணி.

எழுபத்தேழாவது நிமிடத்தில்: கத்தரிம்மா.

குழுவில் எல்லாரும் அவளைக் கத்தரி என்பார்கள். 'ம்மா' சேர்த்தவர் ஒருவர்தான்.

"இது எத்தனை நாளா வருது அக்கா?" என்று எழுதினாள்.

"வரி வர ஆரம்பிச்சதுலேர்ந்து. உங்களுக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல. அதான் சொல்லல."

ஒருங்கிணைப்பாளரை அழைத்தாள். நல்ல மனிதர், எதற்கும் பதறாதவர். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார் போல, குரல் பாதித் தூக்கத்தில் இருந்தது.

"மெஷின் உளறுது மேடம். சத்தம் இல்லாத இடத்துல அதுக்குக் கை சும்மா இருக்காது, ஏதாவது எழுதித் தள்ளும். எங்க மாமனார் மாதிரி."

"என்னோட பேரை எழுதியிருக்கு சார்."

"உங்க பேரைத்தான் கூட்டம் முழுக்க ஏலம் விடுறோமே. கத்தரி அதைப் பாருங்க, கத்தரி இதைப் பாருங்கன்னு. அது பிடிச்சுக்கிச்சு. வரியையும் சேத்து வெட்டிடுங்க, வேலை முடிஞ்சுது."

"வால் எவ்ளோ நீளம்னு நெனைக்கிறீங்க?"

"பத்து செகண்ட் இருக்குமா?"

"நாப்பத்தொரு நிமிஷம்."

மறுமுனையில் கொட்டாவி. "எவனாவது மூடாம டீ குடிக்கப் போயிருப்பான் மேடம். நீங்களும் கொஞ்சம் படுங்க. ரொம்ப அலுப்பா தெரியுறீங்க."

அலுப்புதான். அவளுக்கே தன் அலுப்பின் வயது மறந்துவிட்டிருந்தது. கணவனும் மகளும் பள்ளிக்குச் செருப்பு வாங்கப் போயிருந்தார்கள். அடைத்த பால்கனிதான் அவளுடைய அலுவல் அறை. பழைய மின்விசிறி சுற்றும்போது ஒரு பக்கம் மட்டும் இழுத்து முனகும்; கொடியில் காயாத துணியின் ஈரவாடை மேசை வரைக்கும் வரும். அந்த முனகலுக்கும் வாடைக்கும் நடுவில் அவள் வெட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள். எந்த வாரம் எவ்வளவு வெட்டப்பட்டது என்று நிரல் தானாக எழுதிவைக்கும் பட்டியல் அது. அதையும் அவள் படித்ததில்லை.

பன்னிரண்டு நொடி. ஒன்பது நொடி. பதினான்கு நொடி. வருடக்கணக்காக இப்படியே. பிறகு, போன வருடம் ஒரு வியாழக்கிழமை: நாற்பத்தொரு நிமிடம் எட்டு நொடி.

அந்த வியாழன் எது என்று அவளுக்குத் தெரியும். அன்று கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு வரிக்காரர் தன் மேசைக்குக் கீழே விழுந்து கிடந்தார். தனியாக வாழ்ந்தவர். சனிக்கிழமை காலையில்தான் கதவை உடைத்தார்கள்; லாப்டாப் சார்ஜ் தீர்ந்து எப்போதோ அணைந்திருந்தது. வலி தெரியாமல் ஒரே நொடியில் போயிருப்பார் என்று எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஆறுதலை அவளும் வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை, அவர் இன்னும் தரையில் கிடந்தபோது, அவள் வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினாள். வால் போனது. முழுப்பதிவை முப்பது நாள் கழித்து சர்வர் அழித்தது.

அதற்கடுத்த வாரம் அவருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மௌனத்தைச் சுருக்கும் அவளுடைய நிரல் அந்த ஒரு நிமிடத்தை ஒரு நொடியாக்கிவிட்டது. சேனலில் இன்றைக்கும் அது அப்படித்தான் இருக்கிறது. எல்லாரும் தலை குனிகிறார்கள், உடனே நிமிர்கிறார்கள்.

பட்டியலில் அந்த வியாழனுக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு வாரத்தையும் பார்த்தாள். நாற்பத்தொரு நிமிடம் எட்டு நொடி. நாற்பத்தொரு நிமிடம் எட்டு நொடி. ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

சர்வரில் அழியாமல் நான்கு முழுப்பதிவுகள் மிச்சம் இருந்தன.

முதலாவதில், எல்லாரும் போன பிறகு ஒரு சதுரம் மட்டும் நின்றது. காலி நாற்காலி. மேசை விளக்கு. பின்னால் அவர் வீட்டுச் சுவரில் சாய்ந்து தொங்கிய அதே நாட்காட்டி. ஒலியே இல்லை. ஹெட்போனில் தன் காதுக்குள் ஓடும் ரத்தம்தான் கேட்டது. நாற்பத்தொரு நிமிடமும் படம் அசையவில்லை. இரண்டாவதில், படத்தின் கீழ் விளிம்பில், மேசையின் ஓரத்தைப் பிடித்தபடி நான்கு விரல்நுனிகள். மூன்றாவதில் விரல்களுக்குப் பின்னால் நரைத்த உச்சந்தலை. நான்காவதில் நெற்றி தெரிந்தது. கண்கள் இன்னும் மேசைக்குக் கீழேதான் இருந்தன.

வாரவாரம் கொஞ்சம் கொஞ்சமாக. தரையிலிருந்து எழுந்திருக்க அவர் ஒரு வருடமாக முயன்றுகொண்டிருந்தார்.

அவள் லாப்டாப்பை மூடினாள். ஈரவாடைக்கு நடுவே வேறொரு வாசனை. தைலம். கழுத்து வலிக்கு அவர் தேய்த்துக்கொள்வார். "தைலம் போட்டுட்டு வரேன், எனக்காகக் காத்திருக்காதீங்க" என்று எழுதுவார். அந்த வாசனை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவரை அவள் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மகள் புதுச் செருப்போடு உள்ளே ஓடி வந்து, "என்னம்மா, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? பேய் படம் பாத்தியா?" என்றாள்.

"வேலை பாத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு அப்பா சொல்றாரு."

*

அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய அம்மா மருத்துவமனையில் எட்டு மாதம் கிடந்தார். முதல் வாரமே அவள் வரிக்காரருக்கு எழுதினாள்: 'என்னால முடியல, சேனலை விட்டுடறேன்.' ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்.'

எட்டு மாதமும் வெட்டியவர் அவர். ஏற்றியவர் அவர். ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் 'தொகுப்பு: கத்தரி' என்று எழுதியவரும் அவர். அம்மாவைப் புதைத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, அந்தக் கஷ்டத்திலும் ஒரு வாரம் விடாமல் செய்தாளே என்று கூட்டமே கைதட்டியது. வரிக்காரர் தன் சதுரத்தில் எல்லாரோடும் சேர்ந்து தட்டினார். உண்மையைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். மைக் அணைந்திருந்தது. அதை அவள் போடவில்லை.

உதவியைச் சொல்லிக்காட்டாத மனிதர்களிடம் நாம் படுகிற கடன் வட்டியில்லாமல் வளர்வது. அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை.

வரிகளையும் சேர்த்து வெட்டிவிடலாம். நிரலில் ஒரு வரி மாற்றினால் போதும். அக்காவிடம் இயந்திரக் கோளாறு என்றால் நம்பிவிடுவார். திங்கட்கிழமை அந்த மாற்றத்தை எழுதினாள். செவ்வாய்க்கிழமை அழித்தாள். புதன்கிழமை மறுபடி எழுதி, சேமிக்கும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மேசைக்குக் கீழே அவள் காலில் ஏதோ சில்லென்று பட்டது. மின்விசிறிக் காற்றாக இருக்கும். கால்களைத் தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொண்டாள். கடவுளே, எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது என்று சொன்னாள். அவளுடைய ஜெபங்கள் சமீபகாலமாக அவ்வளவுதான் நீளம்.

சேமிக்காமலேயே மூடினாள்.

*

வியாழக்கிழமைக் கூட்டம் எப்போதும்போல ஓடியது. புதுப் பதிப்பு எப்போது, பழைய பிழை ஏன் திரும்ப வந்தது, யார் தேநீர்க் கோப்பையை மைக்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பது. நூலகர் அக்காவுக்காகத் திரையின் கீழ் விளிம்பில் இயந்திரம் உடனுக்குடன் வரிகளை எழுதிக்கொண்டிருந்தது. ஒருங்கிணைப்பாளர் "நன்றி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். கைகள் அசைந்தன. சதுரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அக்கா கடைசியாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் போகவில்லை.

திரையில் அவள் சதுரம் மட்டும். அவள் முகம், அவள் நாற்காலி, பின்னால் சாத்திய கதவு. மூலையில் ஓர் எண்: உள்ளே இருப்பவர்கள், ஒருவர். கூடத்தில் கணவன் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சத்தம் சுவரைத் தாண்டி மங்கலாக வந்தது, பிறகு யாரோ பஞ்சு வைத்து அடைத்ததுபோல அந்தச் சத்தம் நின்றது, மின்விசிறியின் முனகலும் நின்றது, இறக்கைகள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன.

எண் மாறியது. இருவர்.

அவள் சதுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சதுரம். காலி நாற்காலி. விளக்கு. சாய்ந்த நாட்காட்டி.

தைல வாசனை, இப்போது மூக்குக்கு நேரே.

விரல்கள் மேசை ஓரத்தில் ஏறின. வெளுத்த நகங்கள். பிடித்தன, நழுவின, பிடித்தன. ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. கீழே எழுத்து வந்தது.

யாராவது இருக்கீங்களா.

அவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

பத்து நிமிடம். உச்சந்தலை. பதினைந்து. நெற்றி. நெற்றி மேசை விளிம்பில் மோதியது. மறுபடி மோதியது. சத்தமில்லாமல்.

தண்ணி.

அவளுடைய மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது. அதை எடுத்தாள். எதற்கென்று தெரியாமல் கேமராவுக்கு முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் கையில் சிந்தியது.

வெளியேறும் பொத்தான் சிவப்பாக இருந்தது. விரலுக்கு நாலு அங்குலத்தில். அழுத்தினால் முடிந்தது. ஒரு வருடமாக அழுத்தியதுதானே.

கதவுக்கு வெளியிலிருந்து மகளின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "அம்மா, மீட்டிங் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுடா."

"அப்ப வாயேன். பசிக்குது."

"ஒருத்தர் இன்னும் போகல. அவரை அனுப்பிட்டு வரேன்."

இருபத்தைந்து. முப்பது. கண்கள் ஏறி வந்தன. அவற்றில் பார்வை இல்லை. பூச்சு போன கண்ணாடி. கன்னத்தின் ஒரு பக்கம் தரையின் தட்டையை வாங்கி அப்படியே இறுகியிருந்தது. இரண்டு நாள் கிடந்த பக்கம். அவள் முகத்தைத் திருப்பப் பார்த்தாள். திருப்பவில்லை. இந்த மனிதரிடமிருந்து போதுமான தடவை முகத்தைத் திருப்பியாகிவிட்டது.

கத்தரிம்மா.

"இருக்கேன்."

சொல்லிவிட்டாள். குரல் யாருடையதோபோல வந்தது.

"இருக்கேன் சார். எங்கயும் போகல."

அந்த முகம் நின்றது. மெல்லத் திரும்பியது. கேமராவை, அதற்குள் அவளை, தேடியது. பிறகு உடல் ஒரே இழுப்பில் நாற்காலிக்கு ஏறியது, அந்த வேகம் மனிதருக்கு இல்லாத வேகம், சதுரம் முழுக்க முகம், தட்டையான கன்னம், அசைகிற வாய். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் பிடித்திருந்தது போலவே. நான்கு விரல்களால்.

நாற்பது.

எழுத்து வந்தது.

நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்.

எட்டு மாதம் அவளை நிம்மதியாகத் தூங்கவைத்த வரி. செத்தும் கடைசி ஆளாகக் காவல் இருக்கிறார். யாரும் விடுவிக்காததால்.

"வேண்டாம் சார்." அவள் அழுதுகொண்டிருந்தாள். "எட்டு மாசம் நீங்க பாத்துக்கிட்டீங்க. நான் செஞ்சதா எல்லாரும் நெனச்சாங்க, நான் வாயைத் திறக்கல. இந்தத் தடவை நீங்க முதல்ல போங்க. கடைசியா நான் போறேன்."

வாய் அசைவது நின்றது.

ஒரு கை எழுந்தது. கேமராவை நோக்கி வந்தது, வந்துகொண்டே இருந்தது, திரையைத் தாண்டிவிடும் என்று அவள் பின்னுக்குச் சாய்ந்தாள். கை விளக்கின் பக்கம் திரும்பியது. விளக்கு அணைந்தது. சதுரம் கறுத்தது. மறைந்தது.

நாற்பத்தொரு நிமிடம் எட்டு நொடி.

மின்விசிறி மறுபடி முனகியது. கூடத்தில் கணவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். தைல வாசனை இல்லை. அவள் கைகூப்பினாள். அவருடைய ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் கேட்டாள். இந்த வாரப் பதிவில் எதையும் வெட்டுவதில்லை என்றும், பழைய எட்டு மாத வீடியோக்களின் கீழே இன்றைக்கே பெயரை மாற்றுவது என்றும் தீர்மானித்தாள். பார்க்க யாரும் வரப்போவதில்லை. பரவாயில்லை.

கதவு திறந்தது. மகள் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாம்மா. அப்பா எல்லாத்தையும் தின்னுடுவாரு." பிறகு, "ஏம்மா கை இப்படி ஐஸ் மாதிரி இருக்கு?"

"தண்ணி சிந்திடுச்சுடா."

எழுந்தாள். முட்டி வலித்தது. மகளின் உள்ளங்கை சூடாக, உயிரோடு, அவள் கைக்குள் இருந்தது. வாசலில் நின்று மகள் இன்னொரு கையைச் சுவரிலிருந்த விளக்குப் பொத்தானுக்கு நீட்டினாள். வெளியேறும் பொத்தானை அழுத்தவில்லையே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தாள்.

திரையில் ஒரு சதுரம். அதில், வாசலில் மகள் நின்றிருந்தாள். தனியாக. ஒரு கை பொத்தானில். இன்னொரு கை பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் மூடி, ஒன்றுமில்லாததைப் பிடித்திருந்தது.

அதே சதுரத்தில், கேமராவுக்கு முன்னால், நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவே இல்லை. முதுகு நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து, கேமராவை நேராகப் பார்த்தபடி. வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது.

மகள் விளக்கை அணைத்தாள்.

இருட்டில், திரையின் அடியில், வெள்ளையாக எழுத்து வந்தது.

நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்.